விசைப்பலகையில் கணிதச் சூத்திரம்

சூத்திரம் என்னும் சொல் தமிழ் பயில்வோர்க்குப் புதியதன்று. இலக்கண நூல்களுக்கு உரை கண்ட பெருமக்கள் நூற்பாவைச் சூத்திரம் என்றே வழங்கினர். சில சொற்களுள் பல பொருளைச் செறித்துக் கூறுவது அதன் இயல்பு. கணிதத்துறையாரும் தம் சுருங்கிய உண்மைகளை அதே பெயரால் அழைப்பதில் பொருத்தம் உண்டு. ஆனால் தட்டெழுத அமரும்போது இரண்டும் ஒன்றல்ல என்பது விளங்கிவிடும். நூற்பா இடமிருந்து வலமாக, ஒரே வரிசையில் நடப்பது. கணிதச் சூத்திரமோ ஏறும், இறங்கும், ஒன்றன்மேல் ஒன்றாக அமரும், ஒரு குறிக்குள் மற்றொன்றாகப் புகும். ஒவ்வோர் எழுத்தாக வரிசையில் அடிக்கும் கருவியைக் கொண்டு இத்தகைய கட்டடத்தை விரைவாகவும் பிழையின்றியும் எழுப்புவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எதற்கு என்று மூத்தோர் வினவக்கூடும். காரணத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம்.

ஒரு பயிற்சித்தாளின் கதை

கோடை விடுமுறையொன்றில் நாம் குன்னூரில் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தோம். அங்குத் தமிழ்வழியில் பயிலும் பத்தாம் வகுப்பு மாணவர்க்கு மாலைநேரத்தில் இலவசமாகக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், பயிற்சித்தாள் ஒன்றைத் தட்டெழுதித் தருமாறு நம்மைக் கேட்டார். “கணக்கு எங்களிடம் இருக்கிறது, தமிழில் தட்டெழுதத் தெரிந்தவர் நீங்கள்தாமே ஐயா” என்பது அவர் கூறிய காரணம். மாணவருள் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள். சிலருடைய பாட்டனார் பாட்டிமார், 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். அத்தகையோரின் மறுவாழ்வுக்காக 1968-இல் தொடங்கப்பெற்ற அரசுத் தேயிலைத் திட்டமே பின்னர் ‘டான்டீ’ என்னும் கழகமாக வளர்ந்தது என்பதை நீலகிரி மக்கள் அறிவர். அப்பிள்ளைகளிற் பலர் தம் குடும்பத்தில் பத்தாம் வகுப்பை எட்டிய முதல் தலைமுறையினர்.

இசைந்தோம். பழைய தமிழ் எழுத்துருவைக் கொண்டு, வழக்கமான சொற்செயலியில், ஒரே மாலையில் தட்டெழுதி முடித்தோம். இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் சூத்திரத்தில் ஒரு வர்க்கமூலக் குறி வரும். குறிப்பட்டியலில் தேடி அக்குறியைப் பொறித்தோம். அதன் தலைமீது நீண்டு செல்லவேண்டிய மேற்கோட்டை இடும் வழி தெரியவில்லை, விட்டுவிட்டோம். படிப்பவர் புரிந்துகொள்வர் என்று எண்ணினோம்.

மறுநாள் ஆசிரியர் ஒரு மாணவியின் குறிப்பேட்டைக் கொணர்ந்து காட்டினார். எக்ஸ் வர்க்கத்திலிருந்து ஐந்து எக்ஸைக் கழித்து ஆறைக் கூட்டினால் சுழி என்பது கணக்கு. விடைகள் 3, 2. மாணவி எழுதியிருந்த விடைகளோ −7, −12. செய்தது என்னவென்று நோக்கினோம். மேற்கோடு இருந்தால் 25 − 24 முழுவதற்கும் வர்க்கமூலம் காணவேண்டும், அது 1. கோடு இல்லாத நம் தாளில் √25 − 24 என்று நின்றது. அவர் 25-க்கு மட்டும் மூலம் கண்டு 5 என எழுதி, அதிலிருந்து 24-ஐக் கழித்திருந்தார். அச்சில் உள்ளதை உள்ளவாறே படித்தவர் அவர். −7-ஐச் சமன்பாட்டில் இட்டுச் சரிபார்த்தும் இருக்கிறார். சுழி வரவேண்டிய இடத்தில் 90 வந்திருக்கிறது. மூன்று பக்கங்களில் மீண்டும் மீண்டும் செய்து பார்த்துவிட்டு, ‘எனக்குக் கணக்கு வராது’ என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.

பிழை நம்முடையது, பழியை ஏற்றவர் அம்மாணவி. அச்செழுத்தில் உள்ளதை ஐயுறும் துணிவு அந்த வயதில், அந்தச் சூழலில் எளிதில் வருவதில்லை. அன்றிரவே இக்கலையை முறையாகக் கற்பது என்று முடிவு செய்தோம்.

சொல்லிலிருந்து குறிக்கு

கணிதத்தை இவ்வாறு மேலும் கீழுமாக எழுதும் வழக்கம் தொன்மையானதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-குவாரிஸ்மி இயற்றிய நூலின் பெயரில் உள்ள ‘அல்-ஜப்ர்’ என்னும் சொல்லிலிருந்தே ‘அல்ஜீப்ரா’ என்னும் பெயர் பிறந்தது. ஆயினும் அந்நூலில் இன்றைய குறியீடு ஒன்றும் இல்லை. எக்ஸ் வர்க்கம் கூட்டல் பத்து எக்ஸ் சமம் முப்பத்தொன்பது என்று நாம் அரைவரியில் முடிப்பதை அவர் முழு வாக்கியமாக, எண்களையும் சொற்களாகவே எழுதினார். அவருடைய கணிதம் வாய்விட்டுப் படிக்கத்தக்க உரைநடை.

பின்வந்தோர் சுருக்கினர். பதினைந்தாம் நூற்றாண்டில் அந்தலூசியாவில் பிறந்த அல்-கலசாதி, மக்ரிபு நாட்டில் தமக்கு முன்பே வழங்கிவந்த முறையைப் பின்பற்றி, மூலத்தைக் குறிக்கும் ‘ஜித்ர்’ என்ற சொல்லின் முதலெழுத்தாகிய ஜீமை எண்ணின் தலைமேல் இட்டார். சமம் என்பதற்கு லாம் எழுத்தைக் கொண்டார். இன்று நாம் இடும் இரட்டைக்கோட்டுச் சமக்குறியை இங்கிலாந்தின் ராபர்ட் ரெக்கார்டு 1557-இல்தான் அறிமுகம் செய்தார். எழுத்தைத் தேவைக்கேற்ப வளைத்துக்கொள்வது நம் சமுதாயத்துக்கும் பழக்கமானதே. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபி எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டி அரபுத்தமிழை ஆக்கிக்கொண்ட முன்னோரின் கையெழுத்துப் படிகளை இன்றும் சில இல்லங்களில் காணலாம்.

குறியீடு வளர வளர, சிந்திப்பவர்க்கு எளிதாயிற்று, அச்சுக்கோப்பவர்க்குக் கடினமாயிற்று. தட்டச்சுப்பொறிக் காலத்தை மூத்த பேராசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அடுக்கெண் இடவேண்டின் உருளையைச் சற்றுத் திருகி, எண்ணை அடித்து, மீண்டும் திருகவேண்டும். ஆய்வேடுகளில் சூத்திரம் வரும் இடங்களை வெற்றிடமாக விட்டு, பின்னர் இந்தியமையால் கையெழுத்தில் நிரப்பியதும் உண்டு.

இந்நிலையை மாற்றியவர் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு குனூத். தம் நூலின் மறுபதிப்புக்கான அச்சுப்படி 1977-இல் கைக்கு வந்தபோது, அதன் தோற்றம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. தாமே ஓர் அச்சுக்கோப்பு மென்பொருளை இயற்றத் தொடங்கி, 1978-இல் அதன் முதல் வடிவை ஆக்கினார். அதுவே ‘டெக்’. அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் அமைத்தது ‘லேடெக்’. இவற்றில் சூத்திரத்தைச் சொற்கட்டளைகளாக எழுதவேண்டும். கணினி அதனை அச்சுவடிவாக மாற்றும். விளைவு அழகானது. ஆனால் எழுதும்போது திரையில் தோன்றுவன கட்டளைகளும் நெளிவு அடைப்புகளுமே. ஓர் அடைப்பு விடுபட்டால், எங்கே விடுபட்டது என்று தேடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

1995-இல் ஜெர்மனியில் மாணவராயிருந்த மத்தியாஸ் எட்ரிக் ஓர் இடைவழியைக் கண்டார். உள்ளே லேடெக் இயங்கும். வெளியே எழுதுபவர் காண்பது சூத்திரத்தின் உருவம். ‘லிக்ஸ்’ என்னும் பெயருடைய இக்காட்சிமுறை ஆவணத் தொகுப்பி இன்றும் பலரால் பேணப்பட்டு வருகிறது. இலவசமாகக் கிடைப்பது, விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் இயங்குவது. சிறிய தட்டச்சு நிலையத்துக்கும் ஏழை மாணவர்க்கும் இவ்விலவசம் சிறு செய்தியன்று.

ஆசிரியர் சொல்வது போல்

லிக்ஸில் சூத்திரம் எழுதப் பலரும் முதலில் கையாளும் வழி, மேலேயுள்ள படப்பட்டியலில் சுட்டியால் குறிகளைத் தேடித் தேடிச் சொடுக்குவது. நாமும் முதல் இரண்டு நாள் அவ்வாறே செய்தோம். கை விசைப்பலகையிலிருந்து சுட்டிக்குப் போகும்; கண் சூத்திரத்திலிருந்து பட்டியலுக்குப் போகும்; மனம் இரண்டுக்கும் இடையே நிற்கும். இதனினும் கையால் எழுதுவதே விரைவு என்று தோன்றும். உண்மையும் அதுவே. அப்படப்பட்டியலை அகராதிபோல் மட்டும் பயன்படுத்தவேண்டும். ஒரு குறியின்மேல் சுட்டியைச் சற்று நிறுத்தினால் அதன் கட்டளைப்பெயர் தோன்றும். பெயரை அறிந்துகொண்டபின் அடுத்தமுறை பெயராலேயே அழைக்கலாம்.

முறை இதுதான். கண்ட்ரோல் விசையுடன் எம் விசையை அழுத்தினால் வரிக்கிடையே சூத்திரப் பெட்டி திறக்கும். ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தினால் தனிவரியில் நடுவே நிற்கும் பெரிய சூத்திரத்துக்கான பெட்டி திறக்கும். அதனுள் பின்சாய்கோட்டை இட்டுக் குறியின் பெயரை எழுதி இடைவெளிப் பட்டையைத் தட்டினால் குறி தோன்றும். ஆல்ஃபா என எழுதித் தட்டினால் அக்கிரேக்க எழுத்து வந்து நிற்கும். கூரைக்குறி அடுக்குக்கு ஏற்றும். கீழ்க்கோட்டுக் குறி கீழொட்டுக்கு இறக்கும். அடிக்கடி வருபவற்றுக்கு இன்னும் குறுக்குவழி உண்டு. ஆல்ட்டுடன் எம்மை அழுத்திவிட்டு எஃப் அடித்தால் பின்னம். எஸ் அடித்தால் வர்க்கமூலம். ஜி அடித்து ஓர் ஆங்கில எழுத்தை அடித்தால் அதற்கு நிகரான கிரேக்க எழுத்து. இவ்வளவைக் கற்க அரைமணி போதும்.

இனி, அம்மாணவியைத் தடுமாறச் செய்த சூத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். வகுப்பில் ஆசிரியர் அதனை எவ்வாறு சொல்லி எழுதச் செய்வார்? “எக்ஸ் சமம், பின்னம், மேலே மைனஸ் பி, கூட்டல் அல்லது கழித்தல், வர்க்கமூலத்துக்குள் பி வர்க்கம் மைனஸ் நான்கு ஏ சி, மூலம் முடிந்தது, கீழே இரண்டு ஏ.” இவ்வரிசையை அப்படியே விசைகளாக மாற்றுவோம். எக்ஸ், சமக்குறி, பின்னத்துக்கு ஆல்ட்-எம், எஃப். மேற்பெட்டி திறந்திருக்கும். மைனஸ் பி, பின்சாய்கோட்டுடன் பி, எம் என்ற இரண்டெழுத்தை இட்டு இடைவெளி தட்ட, கூட்டல்கழித்தல் குறி. மூலத்துக்கு ஆல்ட்-எம், எஸ். பி, கூரைக்குறி, 2, இடைவெளி ஒருமுறை. மைனஸ் நான்கு ஏ சி. இடைவெளி மீண்டும் ஒருமுறை. கீழ்நோக்கும் அம்புவிசையால் பகுதிக்கு இறங்கி, இரண்டு ஏ. முடிந்தது. பழகிய கைக்குப் பத்துப் பதினைந்து நொடி. கண் திரையை விட்டு அகலவேண்டியதில்லை.

இங்கு இடைவெளிப் பட்டை செய்யும் பணியை ஊன்றி நோக்கவேண்டும். உரைநடையில் அது வெற்றிடம் விடுவது. சூத்திரத்தினுள் அது வெற்றிடம் விடுவதில்லை. ‘இப்பெட்டி முடிந்தது, வெளியே செல்’ என்று ஆணையிடுவது. குறிகளுக்கிடையே எவ்வளவு இடம் விடுவது என்பதை மென்பொருளே வகுத்துக்கொள்ளும். மேற்கண்ட சூத்திரத்தில் பி வர்க்கத்துக்குப் பின் இடைவெளியைத் தட்ட மறந்தால், மைனஸ் நான்கு ஏ சி முழுவதும் அடுக்கில் ஏறிக்கொள்ளும். அவ்வாறு அச்சானால் முன்சொன்ன கணக்கின் விடைகள் இரண்டும் 2.5-ஐ ஒட்டியே நிற்கும். மாறாக, ஒருமுறைக்கு இருமுறை தட்டிவிட்டால் மூலத்தைவிட்டே வெளியேறிவிடுவோம். மேற்கோடு பி வர்க்கத்தோடு நின்றுபோகும். பழைய −7, −12 திரும்பி வந்துவிடும். ஒரு தட்டுக் குறைந்தால் ஒரு விடை, ஒரு தட்டு மிகுந்தால் வேறொரு விடை. சரியான விடை இரண்டுக்கும் நடுவில்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலைரயிலைப் பார்த்தவர்க்கு இது எளிதில் விளங்கும். கல்லாறு முதல் குன்னூர் வரை, சுமார் 12 அடிக்கு 1 அடி வீதம் ஏறும் அப்பாதையில், தண்டவாளங்களுக்கு நடுவே பல்வரிசை பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் பற்சக்கரம் ஒவ்வொரு பல்லாகப் பிடித்தே ஏறும். சூத்திரத்திலும் எந்தப் பெட்டிக்குள் நிற்கிறோம் என்பதை ஒவ்வொரு படியிலும் அறிந்தே ஏறவேண்டும். லிக்ஸ் இதற்குத் துணைசெய்கிறது: எழுதுகுறி எந்தப் பெட்டிக்குள் உள்ளதோ அதன் மூலைகளில் சிறு அடையாளங்கள் தோன்றும். விசைகளை விரைந்து தட்டும் நாம், அவ்வடையாளங்களை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

தமிழ் மாணவர் இதில் பின்தங்குவர் என்று நாம் நினைக்கவில்லை. செய்யுளைச் சீர்பிரித்துத் தளை காண்பவரும், பதத்தைப் பகுதி, இடைநிலை, விகுதி எனப் பிரிப்பவரும், ஓர் உறுப்பு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று காணும் பயிற்சி உடையவர். சூத்திரத் தட்டெழுத்துக்கு வேண்டிய அறிவும் அதுவே. சூத்திரத்தைப் பெட்டியின் முடிவுகளோடு வாய்விட்டுப் படிக்கத் தெரிந்தவர் அதனைத் தட்டெழுதவும் வல்லவர். கணிதத்துறை நண்பர்களிடம் நாம் இப்போது கேட்பது, “சூத்திரத்தைக் காட்டுங்கள்” என்பதன்று. “படித்துக் காட்டுங்கள்” என்பதே. அவர்கள் மூலத்துக்கு உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று சொல்லத் தயங்கும் இடத்தில், எழுதிக்கொடுத்த தாளிலேயே ஐயம் இருக்கிறது என்று அறியலாம்.

குன்னூர் கடற்கரையாகும் விதம்

மற்றோர் எடுத்துக்காட்டு. குன்னூரில் பருப்பு வேகத் தாமதமாவதை அங்குள்ள தாய்மார் அறிவர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1850 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. ஆகவே நீர் 100 பாகை வெப்பத்தை எட்டுமுன்பே கொதித்துவிடுகிறது. பயிற்சித்தாளின் இறுதியில், மாணவர் தம் ஊரைப் பற்றியே கணக்கிடட்டும் என்று ஆசிரியர் இதனைச் சேர்த்திருந்தார். எண்களை இட்டால் சூத்திரம் இவ்வாறு அமையும்:

1013.25 × (1 − 0.0065 × 1850 ÷ 288.15)^5.256

இதன் விடை ஏறத்தாழ 810 ஹெக்டோபாஸ்கல். அவ்வழுத்தத்தில் நீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸில் கொதிக்கும். அச்சில் இவ்வகுத்தல் பின்னமாக நிற்கவேண்டும். அடைப்புக்குறி பின்னத்தின் உயரத்துக்கு வளரவேண்டும். அடுக்கு, அடைப்பு முழுவதற்கும் உரியதாக அதன் தோளில் அமரவேண்டும். விசைப்பலகையில் உள்ள அடைப்புக்குறியை அப்படியே அடித்தால் அது வளராது, குள்ளமாகவே நிற்கும். ஆல்ட்-எம்மை அழுத்திவிட்டு அடைப்புக்குறியை அடித்தால், உள்ளடக்கத்துக்கேற்ப வளரும் இரட்டை அடைப்பு வரும். உள்ளே எழுதி முடித்தபின்தான் அடைப்பு வேண்டுமென்று நினைவு வந்ததா? எழுதிய பகுதியைத் தேர்வு செய்து அதே விசைகளை அடித்தால் அடைப்பு அதனைச் சூழ்ந்துகொள்ளும். இது நாம் மிகவும் விரும்பும் வசதி.

அடைப்பைவிட்டு வெளியேறாமல், பின்னம் முடிந்தவுடனேயே கூரைக்குறியை அடித்தோமாயின், 5.256 என்னும் அடுக்கு பின்னத்துக்கு மட்டும் உரியதாகிவிடும். அந்தப் பின்னம் 0.0417 அளவினது, அதனை அவ்வடுக்குக்கு உயர்த்தினால் ஏறத்தாழச் சுழி. மிஞ்சுவது 1013.25, அதாவது கடல்மட்டத்து அழுத்தம். ஓர் இடைவெளியைத் தட்ட மறந்ததால் குன்னூர் மலையிறங்கிக் கடற்கரைக்குப் போய்விடுகிறது! மாணவர் முன்னிலையில் இதைச் செய்து காட்டியபோது எழுந்த சிரிப்பு இன்னும் காதில் ஒலிக்கிறது.

பல வரிகளில் படிப்படியாகச் செல்லும் தீர்வுக்கு, பெரிய சூத்திரப் பெட்டியில் கண்ட்ரோலுடன் என்டர் விசையை அழுத்தினால் அடுத்த வரி திறக்கும். சமக்குறிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தலாம். ஆல்ட்-எம், என் என்று அடித்தால் சமன்பாட்டுக்கு எண் வரும். எண்ணைக் கையால் இடாதீர்கள் என்பது ஆய்வு மாணவர்க்கு நாம் கூறும் வலியுறுத்தல். சமன்பாட்டுக்கு ஒரு பெயரை இட்டு, வேண்டிய இடத்தில் அப்பெயரால் சுட்டினால், நடுவில் ஒன்று புகுந்தாலும் எண்கள் யாவும் தாமே திருந்திக்கொள்ளும். மீண்டும் மீண்டும் வரும் நீண்ட கூட்டுக்குறிகளுக்கு நாமே பெயர் சூட்டிக்கொள்ளும் ‘மேக்ரோ’ வசதியும் உண்டு.

தமிழ் புகும் இடத்தில்

இனி நம் துறைக்கே உரிய இடர். பழைய தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் எழுத்தின் உருவங்களை வைத்திருந்தன. ஆகவே தமிழுக்கு நடுவே எக்ஸ் என்ற எழுத்தை அடித்தால் அங்கே ஏதோ ஒரு தமிழ் எழுத்து தோன்றும். ஒவ்வொரு முறையும் எழுத்துருவை மாற்றி, அடித்து, மீண்டும் மாற்றவேண்டும். பக்கம் முழுவதையும் தேர்வு செய்து எழுத்துருவை மாற்றியவர் கதி சொல்லவேண்டியதில்லை. சூத்திரங்கள் யாவும் தமிழெழுத்துக் குவியலாகிவிடும். ஒருங்குறி வந்தபின் இவ்விடர் நீங்கிற்று. தமிழக அரசும் 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. இன்றும் பழைய எழுத்துருவை விடாது பற்றியிருப்போர் கணிதம் கலந்த தமிழை எழுதும்போதேனும் அதனைக் கைவிடவேண்டும்.

லிக்ஸில் தமிழ் எழுத, ஆவண அமைப்பில் எழுத்துருப் பகுதிக்குச் சென்று, டெக் அல்லாத எழுத்துருக்களைப் பயன்படுத்தும் தெரிவை இயக்கி, ஒருங்குறித் தமிழ் எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அப்போது ஸீடெக் அல்லது லுவாடெக் என்னும் புதிய இயந்திரம் பின்னணியில் இயங்கும். பழைய இயந்திரத்துக்குக் கொம்பையும் காலையும் மெய்யோடு இணைக்கத் தெரியாது.

இதன்பின்னும் ஒரு பொறி காத்திருக்கிறது. சூத்திரத்தினுள் ‘எனில்’, ‘ஆகவே’ போன்ற சொற்கள் வரும். அவற்றைச் சூத்திரப் பெட்டிக்குள் நேராக அடித்தால் திரையில் தோன்றக்கூடும், அச்சில் காணாமற்போகும். கணித எழுத்துருவில் தமிழெழுத்துக்கு உருவம் இல்லை என்பதே காரணம். மென்பொருள் தன் பதிவேட்டில் ஒரு குறிப்பை எழுதிவிட்டு வாளாவிருந்துவிடும். பின்சாய்கோட்டுடன் ‘டெக்ஸ்ட்’ என்று எழுதி இடைவெளி தட்டினால் உரைக்கென ஒரு பெட்டி திறக்கும். தமிழ்ச்சொல்லை அதற்குள் எழுதவேண்டும். எழுதியபின் கண்ட்ரோல்-ஆர் அடித்து அச்சுவடிவைப் பார்த்தே தீரவேண்டும். திரையை நம்பி அச்சகத்துக்கு அனுப்பலாகாது.

மாறிகளையே தமிழெழுத்தால் குறிக்கலாகாதா என்று கேட்பாரும் உளர். அரபு நாடுகளுட் சிலவற்றில் கணிதத்தை வலமிருந்து இடமாக, அரபி எழுத்துகளாலேயே எழுதும் மரபு வாழ்கிறது. அதற்கான கணிதக் குறியெழுத்துகள் 2012-இல் ஒருங்குறியில் இடம்பெற்றன. நம் முன்னோர் வழங்கிய முந்திரி, காணி முதலிய பின்னக் குறிகளும் 2019-இல் ஒருங்குறியில் ஏறிவிட்டன. ஆயினும் நம் பாடநூல்கள் இலத்தீன் எழுத்தையே மாறிகளுக்குக் கொண்டிருக்க, பயிற்சித்தாள் மட்டும் வேறு வழியில் செல்வது மாணவரை அலைக்கழிப்பதாகும் என்பது நம் கருத்து.

வேறு தொகுப்பிகளைப் பயன்படுத்துவோர்க்கு ஒரு சொல். மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஆல்ட்டுடன் சமக்குறியை அழுத்தினால் சூத்திரப் பெட்டி திறக்கும். அங்கும் பின்சாய்கோட்டுப் பெயர்கள் செல்லும். சாய்கோடிட்டு இடைவெளி தட்டினால் பின்னம் எழும். அதனோடு முன்பு வந்த ‘ஈக்குவேஷன் எடிட்டர்’ என்னும் பழைய பகுதியைப் பாதுகாப்புக் குறை காரணமாக அந்நிறுவனம் 2018 சனவரியில் நீக்கிவிட்டது. அதில் எழுதிய பழைய வினாத்தாள்களைப் பேணுவோர் சூத்திரங்களைப் புதிய வடிவுக்கு மாற்றி வைத்துக்கொள்வது நன்று. லிப்ரே ஆபிஸில் ‘ஓவர்’ என்னும் சொல்லை இடையிலிட்டுப் பின்னம் எழுதுவர். விசைகள் வேறுபடினும், பெட்டி எங்கே முடிகிறது என்ற கேள்வி எல்லாவற்றிலும் ஒன்றே.

குன்னூரை விட்டுப் புறப்படுமுன் பயிற்சித்தாள் முழுவதையும் லிக்ஸில் மீண்டும் தட்டெழுதினோம். ஒவ்வொரு கணக்கையும், அச்சில் உள்ளவாறே படித்து, நாமே ஒருமுறை செய்து பார்த்தோம்; தமிழாசிரியர்க்கு அது எளிய வேலையன்று. பழைய தாளில் பிழை நம்முடையது என்று முதல் வரியில் குறித்தோம். வகுப்பில் அம்மாணவி புதிய தாளை வாங்கியதும் வர்க்கமூலத்தின் மேற்கோட்டை விரலால் தொடக்கம் முதல் இறுதிவரை தடவிப் பார்த்தார். பிறகு குறிப்பேட்டைத் திறந்து, ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்தை அழிப்பானால் அழித்துவிட்டு, 3, 2 என்று எழுதினார்.